காந்தியடிகளின் உணவும் உடனிருந்தோரும்

நாவை அடக்குதல் தனி ஒருவருடைய மனவுறுதியால் மட்டுமே நிகழ்வது என்று நம்மில் பெரும்பாலோர் கருதி வருகின்றோம். உண்ணக் கூடாததை ஒருவர் உண்டால் அவருக்கு மனத்திடம் போதாது என்கின்றோம். உண்ணாமல் விலகினால் நெஞ்சுறுதி உடையவர் என்று புகழ்கின்றோம். அவரோடு பந்தியில் அமர்ந்திருப்பவர் யார், பரிமாறுபவர் யார், போதும் என்று கை மறித்த பின்னும் இலையில் வைப்பவர் யார் என்பனவற்றை நாம் ஆராய்வதில்லை. இதனை ஆராய்ந்து பார்க்கக் காந்தியடிகளுடைய வாழ்க்கையைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பது அரிது. தாம் எதை உண்டார், யாருடைய சொல்லால் உண்டார், எதை விட்டார், யாருக்காக விட்டார் என்பவற்றை ஒளிவு மறைவின்றி அவரே 'சத்திய சோதனை'யிலும் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றிலும் எழுதி வைத்துள்ளார். அவ்விரு நூல்களையும் படித்தபோது நம் கருத்தில் பட்டவற்றை இங்கே அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். வைணவக் குடும்பம். கத்தியவார்ப் பகுதியில் சமணர்களுடைய செல்வாக்கும் மிகுதி. ஆகவே புலால் உண்ணாமை அங்கே வீட்டு வழக்கம் மட்டுமன்று, ஊர் வழக்கமுமாகும். தாயார் புத்லிபாய் அம்மையார் நோன்பு நோற்பதில் தளராதவர். ஒரு மழைக்காலத்தில், கதிரவனைக் கண்ட பின்னரே உண்பது என்று அவர் விரதம் பூண்டார். பிள்ளைகள் வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பர். மேகம் சற்றே விலகியதும் ஓடிப்போய்த் தாயை அழைப்பர். அவர் வெளியே வருவதற்குள் கதிரவன் மறைந்துவிடுவான். அம்மையாரோ முகம் வாடாமல், இன்று உண்ண வேண்டாம் என்பது இறைவன் திருவுளம் போலும் என்று கூறி வீட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். உண்ணா நோன்பு என்பது அழுது வடியும் செயலன்று என்பதைப் பின்னாளில் நாட்டுக்கு உணர்த்தியவர் அதனை முதலில் கண்டது இந்த வாசற்படியிலேதான்.

இத்தகைய தாயின் பிள்ளை புலால் உண்டது எப்படி? இராஜகோட்டில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போது ஒரு நண்பர் வாய்த்தார். அவர் பெயரை அடிகள் தம் நூலில் குறிக்கவில்லை, நாமும் விட்டுவிடுவோம். நண்பர் நல்ல உடற்கட்டு உடையவர். நெடுந்தூரம் ஓட வல்லவர். இருளுக்கும் பாம்புக்கும் அஞ்சாதவர். மோகன்தாசரோ விளக்கில்லாமல் உறங்க அஞ்சியவர். ஆங்கிலேயர் நம்மை ஆள்வது இறைச்சியின் வலிமையால்தான் என்று நண்பர் வாதிட்டார். அக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளிடையே அதே கருத்துள்ள ஒரு பாட்டும் வழங்கி வந்தது. ஆனால் வாதத்தைக் காட்டிலும் வலிமை உடையது வேறொன்று. நம் ஆசிரியர் பலர் மறைவில் உண்கின்றனர், ஊர்ப் பெரியவர் இன்னின்னார் உண்கின்றனர், உடன் பயிலும் மாணவர் சிலரும் உண்கின்றனர் என்று நண்பர் ஒரு பட்டியல் ஒப்புவித்தார். அடிகளின் அண்ணன் ஒருவரும் முன்னரே அந்த அணியில் சேர்ந்திருந்தார். எல்லாரும் செய்கின்றனர் என்ற பேச்சு காதில் விழுந்தபின் ஒருவருடைய மனக்காவல் எத்தனை நாள் நிற்கும்?

ஆற்றங்கரையில் ஆளில்லாத ஓரிடத்தில் முதல் விருந்து நடந்தது. ஆட்டிறைச்சி தோல் போலக் கடினமாயிருந்தது, விழுங்க முடியவில்லை. அன்றிரவு உயிருள்ள ஆடு தம் வயிற்றுக்குள் கத்துவது போலத் தோன்றித் துள்ளி எழுந்தாராம். நண்பர் விடவில்லை. சமஸ்தான மாளிகை ஒன்றில், சமையற்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, மேசையும் நாற்காலியும் உள்ள உணவுக் கூடத்திலேயே சுவையான பண்டங்களைச் சமைக்கச் செய்தார். இடம் மாறியது, சமையல் மாறியது, அருவருப்பும் மறைந்தது. ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் இவ்வாறு ஆறு விருந்துகள் நடந்தன. அதனை நிறுத்தியது எது? உணவின் சுவையன்று, உடல்நலக் கேடுமன்று. விருந்து முடிந்து வீடு திரும்பும்போது, ஏன் உண்ணவில்லை என்று தாய் கேட்பார். பசியில்லை என்று பொய் சொல்ல நேரும். அந்தப் பொய்யைப் பொறுக்க மாட்டாமல் அவர் விருந்தை நிறுத்தினார். பெற்றோர் காலத்திற்குப் பின் வெளிப்படையாக உண்ணலாம் என்ற எண்ணம் அப்போதும் அவருக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியுள்ளார்.

1888இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்லப் புறப்பட்டபோது தாயார் தயங்கினார். மோத் பனியா குலத்தில் பிறந்து சமணத் துறவியான பேச்சர்ஜி சுவாமி என்பவர் முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று ஆணையிட்டுத் தந்தபின் தாயின் இசைவு கிடைத்தது. பம்பாயில் சாதியார் கூடிப் பயணத்தைத் தடுத்தனர். கேளாமையால் விலக்கி வைத்தனர். செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் ஏறியவர் வயது 19 நிரம்பாத இளைஞர். கப்பலிலேயே ஆங்கிலப் பயணி ஒருவர், குளிர் மிகுந்த அந்நாட்டில் இறைச்சியின்றி உயிர் வாழ இயலாது என்று அன்போடு எச்சரித்தார். அன்போடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாவின் காவலைக் குலைப்பவர் பெரும்பாலும் பகைவர் அல்லர்.

இலண்டனை அடுத்த ரிச்மண்டில் தங்கியிருந்த நாட்களில் வயிறு நிறையவில்லை. உப்பும் காரமும் இல்லாது வேகவைத்த கீரை நாவில் இறங்கவில்லை. ரொட்டியை இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்கவோ கூச்சம். உடனிருந்த இந்திய நண்பர் பெந்தாம் என்னும் அறிஞருடைய நூலைப் படித்துக் காட்டி, படிப்பறியாத் தாயிடம் செய்த ஆணைக்கு இங்கே மதிப்பில்லை என்று வாதிட்டார். வாதத்தில் அவரை வெல்ல அடிகளால் முடியவில்லை. ஆணை ஆணைதான் என்று மட்டும் சொல்லி நின்றார். பின்னர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, நாள்தோறும் நடந்து தேடி, ஒரு நாள் பாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டார். வாயிலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்ரி சால்ட் என்பாருடைய மரக்கறி உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்தில் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

பழைய நண்பர் அதன் பின்னும் ஓயவில்லை. ஒருநாள் நாடகம் பார்க்கும் முன் ஹோல்பர்ன் என்னும் பெரிய உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். முதலில் சூப்பு வந்தது. இது எதனால் ஆனது என்று நண்பரைக் கேட்க நாணிப் பரிமாறுபவரை அழைத்தார் அடிகள். நண்பருக்குச் சினம் மூண்டது. நாகரிகமானவர் கூடும் இடத்திற்கு நீ தகுதியற்றவன், வெளியே போய்க் காத்திரு என்றார். அடிகள் மகிழ்ந்து வெளியே வந்தார். அருகிலிருந்த மரக்கறி உணவகம் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினி, பட்டினியோடே நாடகமும் பார்த்தார். நாலு பேர் நடுவில் ஒரு கேள்வி கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருக்கிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி போதும்.

இலண்டன் வாழ்வின் பிற்பகுதியில் நிலைமை முற்றிலும் மாறியது. மரக்கறி உணவாளர் சங்கத்தில் சேர்ந்தார். அதன் நிருவாகக் குழுவில் இடம் பெற்றார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சிறு சங்கமும் கண்டார். டாக்டர் ஓல்டுபீல்டு தலைவர், புகழ்பெற்ற எட்வின் ஆர்னால்டு துணைத்தலைவர், அடிகள் செயலாளர். அச்சங்கம் சில மாதங்களே நடந்தது. ஆயினும் தம்மைப் போன்றவரோடு கூடி உண்ணத் தொடங்கிய பின் ஊரிலிருந்து வந்த இனிப்பையும் மசாலைப் பொடிகளையும் அவரால் எளிதில் விட முடிந்தது. ரிச்மண்டில் தொண்டையில் இறங்காத அதே வெறுங்கீரை இப்போது சுவைத்தது. கீரை மாறவில்லை, உப்பும் சேரவில்லை. முட்டை புலாலா அன்றா என்று அச்சங்கத்தாரிடையே வாதம் இருந்தது. சிலர் பேச்சைக் கேட்டுச் சின்னாள் முட்டை உண்டவர், தம் தாயின் கருத்தில் புலால் என்பது முட்டையையும் உள்ளடக்கியது என்று தெளிந்து அதனையும் விட்டார்.

இக்காலத்தில் இப்பொருளை மருத்துவ ஆராய்ச்சியாளரும் எடுத்துக்கொண்டுள்ளனர். அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் ஊர் மக்களைப் பற்றி நெடுங்காலமாகப் பதிந்து வந்த குறிப்புகளிலிருந்து, 12,067 பேருடைய 32 ஆண்டுக் கணக்கை எடுத்துக் கிறிஸ்டாக்கிஸ், பௌலர் என்னும் இருவர் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நண்பர் ஒருவர் உடல் பருத்தால் மற்றவரும் பருக்கும் வாய்ப்பு 57 விழுக்காடு மிகுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. பக்கத்து வீட்டார் பருப்பதால் அத்தகைய விளைவு இல்லை என்பதும் அதே கட்டுரையில் உள்ளது. இனம் இனத்தோடு சேர்வதால் வரும் ஒற்றுமையை இவர்கள் தொற்று என்று கொண்டுவிட்டனர் என மறுப்போரும் உளர். கணக்கு எவ்வாறாயினும், சுவரை அடுத்து இருப்பவரைவிட மனத்தை அடுத்து இருப்பவரே நம் தட்டில் கை வைக்கின்றார் என்பது இராஜகோட்டு நண்பரை அறிந்தவர்க்குப் புதுமையன்று.

இனித் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். நம் தமிழ் மக்களுக்கு இதில் நேரான பங்கு உண்டு. டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களுள் தமிழர் தொகை மிகுதி. சிறை சென்றோர் குடும்பங்களைக் காக்கப் பணம் போதவில்லை. அப்போது காலன்பாக் என்னும் செருமானிய யூதக் கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க்குக்கு 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகையின்றி அக்குடும்பங்களுக்கு அளித்தார். 1910இல் அங்கே தோன்றியதே டால்ஸ்டாய் பண்ணை. ஆரஞ்சு, பிளம் முதலிய ஏறத்தாழ ஆயிரம் பழ மரங்கள் அங்கே இருந்தன. தமிழர், தெலுங்கர், குசராத்தியர், வட இந்தியர் என்று பல மொழியினரும், இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் என்று பல சமயத்தினரும் கூடினர். நம் காலனியை ஒருவாறு நினைவூட்டும் கூட்டம் என்றே சொல்லலாம். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் அந்நாட்டிலே பிறந்தவர். தமிழ் எழுத்து அறியாதவர். போப்பையர் எழுதிய பாட நூலைத் துணைக்கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழை அடிகளே அவர்களுக்குக் கற்பித்தார்.

அடுப்பு எத்தனை என்பதே முதற்கேள்வி. வந்தவருள் புலால் உண்ணும் வழக்கமுடைய கிறித்தவரும் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்கள் கேட்டால், மாட்டிறைச்சியாயினும் வாங்கிக் கொடுப்பது தம் கடமை என்று அடிகள் முடிவு செய்திருந்தார். கணவர் சிறையிலிருக்க, தம்மை நம்பி வந்த பெண்களுடைய வழக்கத்தைக் கட்டளையிட்டு மாற்றுவது முறையன்று என்பது அவர் எண்ணம். நிலைமையை அப்பெண்களிடமே எடுத்துரைத்தார். அவர்கள் புலால் இல்லாத ஒரே சமையலறைக்கு இசைந்தனர். சமையற் பொறுப்பையும் அவர்களே ஏற்றனர். மதுவும் புகையும் பண்ணை எல்லைக்குள் கூடாது என்பது விதி. கேட்டால் கிடைக்கும் என்று அறிந்தும் கேட்காமல் விட்ட அப்பெண்களின் பெயர்கள் வரலாற்றில் போதிய அளவு வரவில்லை என்பது நமக்கு வருத்தமே.

காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும்; பதினோரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி; மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மீண்டும் ரொட்டியும் அதே காப்பியும். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து, சிறையில் கொடுப்பது போன்ற கிண்ணத்தில், பண்ணையிலேயே செய்த மரக்கரண்டியால் உண்பர். அவரவர் கலத்தை அவரவரே கழுவுவர். வறுத்த கோதுமையைப் பொடித்துக் காய்ச்சியதற்குக் காப்பி என்று பெயர் வைத்தது நம்மவருக்குச் சற்றுக் கொடுமையாகத் தோன்றலாம்! ஆனால் தலைவரும் அதையே குடித்தார். மாதம் 1,200 ரூபாய் செலவிட்டு வாழ்ந்து, அதனை 120 ரூபாயாகக் குறைத்துக்கொண்ட காலன்பாக்கும் அதையே குடித்தார்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இப்பண்ணையில் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அருகிலிருந்த நிலையம் லாலி. பண்ணை வேலையாகச் செல்பவர் மட்டுமே வண்டியில், அதுவும் மூன்றாம் வகுப்பில், செல்லலாம். சொந்த விருப்பத்திற்காக நகரம் செல்பவர் நடந்தே போக வேண்டும். உணவும் கட்டிக்கொண்டு போக வேண்டும். நகரத்தில் தின்பண்டத்திற்குக் காசு செலவிடலாகாது. தவிடு நீக்காத கோதுமை மாவில் சுட்ட ரொட்டி, வீட்டில் அரைத்த நிலக்கடலை வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் காய்ச்சிய பாகு இவைதாம் கட்டுச்சோறு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து இரண்டரைக்குப் புறப்படுவர். 21 மைலை ஆறேழு மணி நேரத்தில் கடப்பர். நான்கு மணி பதினெட்டு நிமிடத்தில் கடந்து சாதனை புரிந்தவரும் உண்டு. இந்த விதி இல்லாதிருந்தால் பண்ணையில் மிச்சப்பட்டதெல்லாம் வண்டிக் கூலியிலும் நகரத்துத் தீனியிலும் கரைந்திருக்கும் என்று அடிகளே எழுதியுள்ளார். அவ்விதி தனி ஒருவருக்கு இடப்பட்டிருந்தால் தண்டனை. நாற்பது இளைஞருக்கும் பொதுவாக இருந்ததால் ஓட்டப் பந்தயமாயிற்று.

ரம்ஜான் மாதம் வந்தது. முஸ்லிம் இளைஞர்கள் நோன்பு நோற்க வேண்டும். சுற்றிலும் மற்றவர் உண்டுகொண்டிருந்தால் அவர்களுக்கு அது கடினம். எனவே மற்றப் பிள்ளைகளும் நண்பர்களுக்குத் துணையாகப் பகலில் உண்ணாதிருக்க அடிகள் ஊக்கினார். இந்துப் பிள்ளைகள் கதிரவன் மறையும் முன்னரே தம் உணவை முடித்துக்கொண்டு, நோன்பு துறக்கும் முஸ்லிம் தோழர்களுக்குச் சுவையான மரக்கறிப் பண்டங்கள் சமைத்துப் பரிமாறினர். அவர்களோ தமக்குப் பழக்கமான இறைச்சி இல்லையே என்று ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஒருவர் பசிக்கு ஒருவர் துணை. கட்டாயம் இல்லை; ஆனால் விலகி நிற்கவும் யாருக்கும் மனமில்லை.

நாடு முழுவதுமே ஒருமுறை இவ்வாறு ஒரு வேளையைத் துறந்ததுண்டு. 1965இல் மழை பொய்த்தது. பாகிஸ்தானோடு போரும் மூண்டது. அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கும் நிலை. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் முதலில் தம் வீட்டாரோடு ஒரு வேளை உணவை விட்டுப் பார்த்தபின், திங்கட்கிழமை மாலை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். சட்டம் ஏதும் இயற்றவில்லை. உணவகங்கள் பல அந்த மாலைகளில் அடுப்பை அணைத்தன. தெருவில் எந்த வீட்டிலும் புகை எழாததால் தங்களுக்குப் பசியே தெரியவில்லை என்று அந்நாளில் சிறுவராயிருந்த நம் காலனிப் பெரியவர்கள் இன்றும் கூறுவர்.

அடிகள் தாயகம் திரும்பிய 1915இல் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அப்போது அவருக்குப் பழமும் கொட்டையுமே உணவு. கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு அவர்கள் இல்லத்தில் விருந்தினராயிருந்தார். வங்காளத்து விருந்தோம்பல் கேட்க வேண்டுமா? கிடைத்த பழவகை அனைத்தையும் வாங்கிக் குவித்தனர். அவ்வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கொட்டைகளை ஊறவைத்துத் தோலுரித்தனர். எளிமைக்கென்று மேற்கொண்ட உணவு பிறருக்குப் பெருஞ்சுமையாயிற்று. அது மனத்தை உறுத்தவே, ஹரித்துவாரக் கும்பமேளாவின்போது, நாளொன்றுக்கு ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று நோன்பு பூண்டார். விருந்தோம்புவாருடைய அன்பிலிருந்து தப்ப ஒருவர் இறைவன் பெயரால் ஆணையிட வேண்டியதாயிற்று!

இதைப் படித்தபோது நம் சங்க விருந்துகளே நினைவுக்கு வந்தன. சர்க்கரை நோயால் கால் விரல் இழந்தவரும் பார்வை மங்கியவரும் நம் காலனியில் இருக்கின்றனர். மருத்துவர் விலக்கியதை அவர்கள் வீட்டில் தொடுவதில்லை. பந்தியிலோ, "என் கையால் செய்தது, ஒன்றே ஒன்று", "ஆண்டுக்கு ஒருநாள்தானே அண்ணா" என்று ஜாங்கிரி இலையில் விழுகின்றது. மறுத்தால் வைத்தவர் முகம் வாடுமே என்று உண்கின்றனர். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவர் இலையில் மறுமுறை வைக்கலாகாது என்று பரிமாறும் தொண்டர்களுக்கு இவ்வாண்டு முதல் செயற்குழுவினர் அறிவுறுத்தினால் நன்று. இதற்குத் தீர்மானம் ஏதும் வேண்டுவதில்லை. பந்தி தொடங்கும் முன் ஒரு சொல் போதும்.

அடிகளுடைய வீட்டிலும் இது நடந்ததே. 1918இல் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் சேர்க்கும் பணியில் அலைந்து உடல் நலிந்திருந்தார். ஒரு பண்டிகை நாள். நண்பகலில் ஒன்றும் வேண்டாம் என்று கஸ்தூரிபா அம்மையாரிடம் கூறியிருந்தார். அம்மையாரோ நெய்க்கு மாற்றாக எண்ணெய் சேர்த்து இனிப்பான கோதுமைக் கஞ்சி செய்து, பச்சைப் பயறும் ஒரு கிண்ணம் வைத்தார். மனைவியின் மனம் மகிழவும் தம் நாவின் ஆசை தணியவும் சிறிது உண்ண எண்ணியவர் வயிறு நிறைய உண்டார். ஒரு மணி நேரத்திற்குள் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டது. அது முற்றி உயிருக்கே அச்சம் விளைக்கும் நோயாயிற்று.

மருத்துவர் பால் அருந்தச் சொன்னார். டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது 1912இல் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டவர் அவர். பசுவையும் எருமையையும் கறப்பவர் படுத்தும் கொடுமையை அறிந்ததும் அதற்கு ஒரு காரணம். 1919இன் தொடக்கத்தில், பம்பாயில் டாக்டர் தலால் என்பவர் பால் இன்றி உடல் தேறாது என்று உறுதியாகக் கூறினார். விரதத்தைச் சொல்லி அடிகள் மறுத்தார். கட்டிலருகே நின்ற கஸ்தூரிபா, பசும்பாலும் எருமைப் பாலுந்தானே விலக்கினீர்கள், ஆட்டுப்பாலுக்குத் தடை என்ன என்று கேட்டார். மருத்துவரும் அதனைப் பிடித்துக்கொண்டார். விரதம் பூண்டபோது ஆட்டை நினைக்கவில்லை என்பது உண்மை. எல்லாப் பாலையும் விடுவதே கருத்து என்பதும் உண்மை. சத்தியாக்கிரகப் போர் காத்திருந்தது. வாழும் ஆசை வென்றது. சொல்லைக் காத்து உட்பொருளைக் கைவிட்டோமே என்று அவர் பின்னர் எழுதி வருந்தினார். ஆயினும் அன்று தொடங்கிய ஆட்டுப்பாலை இறுதி நாள்வரை அருந்தி வந்தார்.